தாய்லாந்தின் அன்றாடத்தில் எது பழையது?

தாய்லாந்துக்குச் செல்லும் பயணி முதலில் எதிர்கொள்ளும் பண்பாட்டு அடையாளம் பெரும்பாலும் கைகூப்புதலும், அதனோடு சேர்ந்து வரும் 'சவாத்தி' என்ற முகமனும்தான். விமான நிலையப் பணியாளர், விடுதி வரவேற்பாளர், நூடுல்ஸ் கடைக்காரர், பள்ளிச் சிறுமி என எல்லோரும் ஒரே சீராக அதைச் செய்வதால், பல நூற்றாண்டுகளாகக் கைமாறி வந்த வழக்கம் என்றே பார்ப்பவருக்குத் தோன்றும். கைகூப்புதல் உண்மையிலேயே பழையது. இந்தியத் தொடர்பால் பௌத்தத்தோடும் அரசவைச் சடங்குகளோடும் அங்கே வேரூன்றியது. பிக்குவுக்கு நெற்றி வரை, பெரியவருக்கு மூக்கு வரை, ஒத்த வயதினருக்கு முகவாய் வரை கைகளை உயர்த்த வேண்டும் என்ற படிநிலையும் அதற்கு உண்டு. ஆனால் 'சவாத்தி' அவ்வளவு பழையதன்று. நம் கல்வெட்டுகளின் தொடக்கத்தில் வரும் 'ஸ்வஸ்தி'யை எடுத்து, 1930களில் சூலாலங்கோன் பல்கலைக்கழக ஆசிரியரான மொழியறிஞர் பிரயா உபகித் சிலபசான் தம் மாணவர்களிடையே புழங்கவிட்ட முகமன் அது. 1943இல் பிரதமர் பிபுன்சொங்க்ராமின் அரசு அதை நாடு முழுமைக்கும் உரிய முகமனாக அறிவித்தது. அதற்கு முன் எதிரெதிரே வந்த இருவர் 'சாப்பிட்டாயிற்றா' என்றும் 'எங்கே போகிறாய்' என்றும் கேட்டுக்கொண்டார்கள். நெருங்கிப் பழகியவர்கள் இன்றும் அப்படித்தான் கேட்கிறார்கள். இந்தக் கேள்விகளுக்குத் தமிழருக்கு விளக்கம் தேவைப்படாது.

இந்தச் சிறு வரலாறு தாய்லாந்தின் அன்றாட வாழ்க்கை முழுவதையும் பார்ப்பதற்கு ஒரு வழியைத் தருகிறது. பயணியின் கண்ணில் படும் பழக்கங்களில் சில கிராமங்களிலிருந்தும் ஆவி வழிபாட்டிலிருந்தும் வந்தவை, சில அரண்மனையிலிருந்து இறங்கி வந்தவை, சில இருபதாம் நூற்றாண்டில் அரசாணைகள் உண்டாக்கியவை. மூன்றும் இன்று ஒன்றாகக் கலந்துவிட்டதால் எல்லாவற்றுக்கும் 'தாய்லாந்துப் பண்பாடு' என்ற ஒரே பெயர் வழங்குகிறது. சுற்றுலாத் துறைக்கு அந்தப் பெயர் போதுமானதாக இருக்கலாம். ஒரு சமூகம் எப்படி இயங்குகிறது என்று அறிய விரும்புபவருக்குப் போதாது.

அரசாணைகளின் பங்கை முதலில் பார்க்கலாம், ஏனெனில் பயணிகள் பெரும்பாலும் அறியாமல் விடுவது அதைத்தான். 1932இல் நடந்த புரட்சி முற்றதிகார மன்னராட்சியை முடிவுக்குக் கொண்டுவந்தது. அந்தப் புரட்சியில் பங்கெடுத்த இராணுவ அதிகாரிகளில் ஒருவரான பிபுன்சொங்க்ராம் 1938இல் பிரதமரானார். 1939இல் சயாம் என்ற நாட்டுப் பெயர் தாய்லாந்து என்று மாறியது. அதே ஆண்டு தொடங்கி 1942 வரை பன்னிரண்டு பண்பாட்டு ஆணைகள் வெளிவந்தன. மக்கள் எப்படி உடுத்த வேண்டும், கொடிக்கும் நாட்டுப்பண்ணுக்கும் எப்படி மரியாதை செலுத்த வேண்டும், எந்த மொழியைப் பேச வேண்டும் என்பதோடு அவை நிற்கவில்லை; ஒரு நாளில் நான்கு வேளைக்கு மேல் சாப்பிடலாகாது, ஆறு முதல் எட்டு மணி நேரம் உறங்க வேண்டும் என்றுகூட ஓர் ஆணை வகுத்துச் சொன்னது. பெண்கள் தொப்பி அணிவது ஊக்குவிக்கப்பட்டது, வெற்றிலை போடுவது தடைசெய்யப்பட்டது. அண்டை நாடுகள் பிரிட்டனுக்கும் பிரான்சுக்கும் குடியேற்ற நாடுகளாக இருந்த காலத்தில், தம் நாடு 'நாகரிகமானது' என்று வெளியுலகுக்குக் காட்ட வேண்டிய நெருக்கடி அந்த ஆட்சியாளர்களுக்கு இருந்தது. அந்த நெருக்கடியை மறந்துவிட்டுப் பார்த்தால் இந்த ஆணைகள் வெறும் கோமாளித்தனமாகத் தெரியும்.

ஆண்டுக் கணக்கும் அப்போதுதான் மாறியது. அதுவரை ஏப்ரல் 1இல் தொடங்கிய ஆண்டு, 1941 முதல் ஜனவரி 1இல் தொடங்கியது. அதற்கு முந்தைய பௌத்த ஆண்டான 2483 ஒன்பது மாதங்களோடு முடிந்துபோனது. ஆயினும் ஏப்ரல் 13 முதல் 15 வரை கொண்டாடப்படும் சொங்கிரான் தன் இடத்தை இழக்கவில்லை. சூரியன் மேட ராசிக்குள் நுழையும் சங்கராந்திதான் சொங்கிரான். நம் சித்திரை முதல் நாளும் அதே கணக்கில் வருவது. பயணிகள் சீலோம் சாலையிலும் காவ்சான் சாலையிலும் நடக்கும் நீர்ச் சண்டையை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். வீடுகளில் அன்று காலை நடப்பது வேறு: புத்தர் சிலையை நறுமண நீரால் நீராட்டுவார்கள், பிறகு பெரியவர்களின் உள்ளங்கைகளில் மல்லிகை மிதக்கும் நீரை ஊற்றி ஆசி பெறுவார்கள். பாங்காக்கின் கட்டுமானத் தொழிலாளர்களும் டாக்சி ஓட்டுநர்களும் வீட்டுப் பணியாளர்களும் வடகிழக்கே ஈசான் பகுதியிலிருக்கும் தம் ஊர்களுக்குக் கிளம்பிவிடுவதால், ஆண்டில் அந்தச் சில நாள்களில் மட்டும் தலைநகரின் சாலைகள் மூச்சு விடுகின்றன. 2023 டிசம்பரில் யுனெஸ்கோ சொங்கிரானைத் தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது.

உணவுக்கு வருவோம். தாய்லாந்து உணவு என்றதும் வெளிநாட்டவர் சொல்லும் முதற்பெயர் 'பாட் தாய்'. சீனர்கள் கொண்டுவந்த அரிசி நூடுல்ஸையும் சீனர்களின் இரும்புச் சட்டி வதக்கலையும் அடிப்படையாகக் கொண்ட இந்தப் பண்டம், போர்க்கால அரிசித் தட்டுப்பாட்டின்போது நூடுல்ஸ் சாப்பிடச் சொல்லி பிபுன் அரசு நடத்திய பிரசாரத்தின் துணையோடுதான் நாடெங்கும் பரவியது என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. நாட்டின் பெயரையே தாங்கியிருந்தாலும், மதிய இடைவேளையில் அவசரமாகச் சாப்பிட வரும் அலுவலக ஊழியர் அதை அவ்வளவாகக் கேட்பதில்லை; துளசி வகையைச் சேர்ந்த ஓர் இலையோடு மிளகாயும் பூண்டும் தட்டிப்போட்டு வதக்கிய இறைச்சியையும், சோற்றின் மேல் ஓரம் முறுகப் பொரித்த முட்டையையும்தான் கேட்கிறார். அதன் பெயர் 'கப்ராவ்'. அதற்குத் தட்டில் கரண்டியும் முள்கரண்டியும் வரும், கத்தி வராது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பியரிடமிருந்து அரண்மனை இந்தக் கருவிகளை ஏற்றுக்கொண்டபோது, இறைச்சி ஏற்கெனவே அடுக்களையிலேயே நறுக்கப்பட்டுவிடுவதால் கத்திக்கு வேலையில்லாமல் போயிற்று. முள்கரண்டி இடக்கையிலிருந்து சோற்றைக் கரண்டிக்குத் தள்ளுவதற்கு மட்டுமே. அதை வாயில் வைப்பது நயமற்ற செயல். குச்சிகளை நூடுல்ஸுக்கு மட்டும் எடுக்கிறார்கள். ஈசான் மக்கள் ஒட்டரிசிச் சோற்றை இன்றும் கையால்தான் உருட்டிச் சாப்பிடுகிறார்கள்.

பாங்காக்கில் தெருவோரத்தில் இத்தனை பேர் சாப்பிடுவதற்குக் காரணம் ருசி மட்டுமன்று. நகரத்துத் தொழிலாளர்கள் வாடகைக்கு எடுக்கும் ஒற்றை அறைகள் பலவற்றில் அடுக்களை கிடையாது. வெளியே வாங்குவது சமைப்பதைவிட மலிவாகவும் முடிந்துவிடுகிறது. மாலையில் சந்தைகளில் பெரிய பாத்திரங்களில் குழம்பு வகைகளை வரிசையாக வைத்து, பிளாஸ்டிக் பையில் ஊற்றி, பை பந்துபோல உப்பும்படி காற்றையும் அடைத்து ரப்பர் பேண்டால் சுண்டிக் கட்டித் தருவார்கள். நம்மூர் ஓட்டல்களில் சாம்பார் பார்சல் கட்டுபவரின் விரல் வேகத்தை அறிந்தவருக்கு அந்தக் காட்சி பழகியதாகவே இருக்கும். நூடுல்ஸ் கடை மேசைகளில் மிளகாய் ஊறிய மீன் சாறு, மிளகாய் ஊறிய வினிகர், வறுத்த மிளகாய்த்தூள், சர்க்கரை என்ற நான்கும் இருக்கும். புளிப்பு, உப்பு, காரம், இனிப்பு ஆகியவற்றைத் தம் நாவுக்கேற்பச் சாப்பிடுபவரே சரிசெய்துகொள்ள வேண்டும் என்பது அங்கே விதி. சமைத்தவர் அதைக் குறையாக எடுத்துக்கொள்வதில்லை.

சைவ உணவுக்காரர்கள் திண்டாடுவது இந்த மீன் சாற்றால்தான். காய்கறி மட்டும் போட்ட வதக்கலிலும் அது இருக்கும், பச்சைப் பப்பாளியை உரலில் இடித்துச் செய்யும் 'சொம் தம்'மில் உலர்ந்த இறாலும் சேரும். 'இறைச்சி வேண்டாம்' என்று சொன்னால் மட்டும் போதாது. மஞ்சள் நிறத்தில் சிவப்பு எழுத்தோடு தொங்கும் 'ஜே' என்ற கொடியைத் தேடிப் போவதே வழி. சீன மரபிலிருந்து வந்த அந்த உணவில் இறைச்சி, மீன், முட்டை, பால் இவற்றோடு பூண்டும் வெங்காயமும் சேராது. சீன நாட்காட்டியின் ஒன்பதாம் மாதத்தில் ஒன்பது நாள் இந்த நோன்பு நாடெங்கும் நடைபெறும். புக்கெட்டில் மிகப் பெரிதாக நடைபெறும். பௌத்த நாட்டில் புலால் உணவா என்று தமிழ்ப் பயணிகள் வியப்பதுண்டு. தேரவாதப் பிக்கு பாத்திரத்தில் விழுவதை உண்பவர். தமக்காகக் கொல்லப்பட்டது என்று அறியாதவரை இறைச்சியையும் அவர் மறுப்பதில்லை.

அந்தப் பாத்திரத்தைத் தாய்லாந்தில் விடியற்காலையில் பார்க்க வேண்டும். வெறுங்காலோடு வரும் பிக்குகள் எதையும் கேட்பதில்லை, நன்றியும் சொல்வதில்லை. கொடுப்பவர்தான் செருப்பைக் கழற்றிவிட்டு மண்டியிட்டுச் சோறும் குழம்பும் பூவும் வைத்துக் கைகூப்புகிறார். நன்மை பெறுபவர் கொடுப்பவரே என்பது அதன் அடிப்படை. நண்பகலுக்குப் பிறகு பிக்குகள் திட உணவு உண்பதில்லை. பெண்கள் அவர்களைத் தொடலாகாது என்பதால் பேருந்திலும் படகிலும் அவர்களுக்கருகே இடம் விட்டு அமர்வார்கள். இந்த முறை உயிரோடு இருப்பதற்கு ஒரு சமூகக் காரணம் உண்டு: துறவு அங்கே வாழ்நாள் முழுமைக்குமானதாக இருக்க வேண்டியதில்லை. திருமணத்துக்கு முன்போ, தாய் தந்தையர் இறந்தபோதோ, மழைக்கால மூன்று மாதங்களிலோ ஓர் ஆண் தலையை மழித்துக்கொண்டு சில நாள்கள் அல்லது சில வாரங்கள் பிக்குவாக இருந்துவிட்டு வேலைக்குத் திரும்பலாம். அரசு ஊழியர்களுக்கு இதற்கென விடுப்பே உண்டு. அந்தப் புண்ணியம் அவரைப் பெற்ற தாய்க்குச் சேரும் என்பது நம்பிக்கை. வங்கி எழுத்தரும் டாக்சி ஓட்டுநரும் ஒரு காலத்தில் காவி உடுத்தியவர்களாக இருக்கும்போது, மடத்துக்கும் வீட்டுக்கும் இடையே சுவர் எழுவதில்லை.

ஆனால் லாட்டரியில் பரிசு விழவும் வீட்டு மனை விற்கவும் தாய்லாந்துக்காரர் புத்தரை மட்டும் நம்பியிருப்பதில்லை. எந்தக் கட்டடத்தின் மூலையிலும் ஒற்றைத் தூணின் மேல் கோயில் வடிவிலுள்ள சிறு வீடு ஒன்று நிற்கும். மனை எழுப்பியதால் இடம் இழந்த நிலக்காவல் தெய்வத்துக்கு மாற்று வீடு அது. அதன் முன் மாலையும் சோறும் வாழைப்பழமும், உறிஞ்சுகுழல் செருகிய சிவப்பு ஃபான்டா புட்டியும் வைக்கப்பட்டிருக்கும். முன்னர் இரத்தப் பலி இருந்ததன் எச்சமே அந்தச் சிவப்பு என்று சிலர் விளக்குகிறார்கள். கடைக்காரரைக் கேட்டால் சாமிக்கு இனிப்பு பிடிக்கும் என்பார். பாங்காக்கின் ராட்சபிரசோங் சந்திப்பில் இருக்கும் எரவான் கோயில் இதே எண்ணத்தின் பெரிய வடிவம். அங்கே அரசு ஒரு விடுதியைக் கட்டியபோது அடுத்தடுத்து விபத்துகள் நேர்ந்ததால், சோதிடர் சொன்னபடி 1956இல் நான்முகப் பிரமன் சிலையை நிறுவினார்கள். நம் நாட்டில் தனிக் கோயில் அரிதாகவே அமைந்த பிரமனுக்கு, வணிக வளாகங்களுக்கும் மேம்பால ரயிலுக்கும் நடுவே ஓயாமல் ஊதுவத்தி புகைகிறது. வேண்டியது நிறைவேறியவர்கள் மர யானைகளைக் கொண்டுவந்து வைக்கிறார்கள், அல்லது அங்கேயே காத்திருக்கும் நடனப் பெண்களுக்குக் கட்டணம் செலுத்தித் தம் பெயரில் ஆடச் சொல்கிறார்கள். நேர்த்திக்கடன் என்ற ஒரு சொல் போதும். தமிழருக்கு அது முழுமையாகப் புரியும். 2015 ஆகஸ்ட் 17 அன்று அங்கே வெடித்த குண்டு 20 உயிர்களைப் பறித்தது. இரண்டு நாள்களில் கோயில் திறக்கப்பட்டு மீண்டும் மாலைகள் குவிந்தன.

பிரமனையும் பிள்ளையாரையும் பார்த்த தமிழ்ப் பயணி 'எல்லாம் நம்மிடமிருந்து போனவை' என்ற முடிவுக்கு எளிதில் வந்துவிடுகிறார். இந்த இடத்தில் கொஞ்சம் நிதானம் தேவை. பாங்காக்குக்கு முற்பட்ட அயுத்தயா அரசு தன் மன்னராட்சிச் சடங்குகளில் பெரும்பகுதியை அங்கோர் கெமர் அரசிடமிருந்து எடுத்துக்கொண்டது; ஆக, இந்தியக் கூறுகள் பல கம்போடியா வழியாகச் சுற்றி வந்தவை. அதே வேளை நேரடித் தமிழ்த் தொடர்புக்குக் கல்லிலேயே சான்று உண்டு. கிராபி மாகாணத்தில் 'பெரும்பதன் கல்' என்று தமிழ்ப் பிராமி எழுத்தில் பொறித்த பொற்கொல்லரின் உரைகல் கிடைத்திருக்கிறது. தக்குவாபாவில் கிடைத்த ஒன்பதாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு, அவனிநாரணம் என்ற குளத்தையும் அதைக் காக்கும் பொறுப்பில் மணிக்கிராமத்தார் என்ற வணிகக் குழுவினரையும் குறிப்பிடுகிறது.

இவற்றைவிட வியப்புக்குரியது இன்றும் நடக்கும் ஒரு சடங்கு. முதலாம் ராமா 1782இல் பாங்காக்கைத் தலைநகராக்கிய பின், 1784இல் கட்டப்பட்ட தேவஸ்தான் என்ற கோயிலில் அரசவைப் பிராமணர்கள் ஆண்டுதோறும் நடத்தும் விழாவின் பெயர் 'திரியம்பாவாய் திரிபாவாய்'. மாணிக்கவாசகரின் திருவெம்பாவைப் பாடல்கள் உச்சரிப்புத் திரிந்த நிலையில் அங்கே ஓதப்படுகின்றன. ஓதுபவர்களுக்கு அவை மந்திரங்களே, தமிழ்ப் பாட்டுகளல்ல. கோயிலுக்கு எதிரே உயர்ந்து நிற்கும் சிவப்பு நிறத் தேக்குச் சட்டகம் ஒரு காலத்தில் இதே விழாவுக்கான ஊஞ்சலைத் தாங்கியது. பூமிக்கு வரும் சிவனை வரவேற்க ஆடவர்கள் அதில் ஏறி வான் நோக்கி ஆடி, கம்பத்தில் கட்டிய காசுப் பையைப் பல்லால் கவ்வினார்கள். அந்த ஆட்டம் 1935இல் நின்றுவிட்டது, சட்டகம் மட்டும் புதுப்பிக்கப்பட்டு நிற்கிறது. சீலோம் பகுதியில் 1879இல் தமிழ்க் குடியேறிகள் அமைத்த மாரியம்மன் கோயில் இந்த அரசவை மரபோடு தொடர்பில்லாதது. நவராத்திரி ஊர்வலத்தன்று அங்கே தெருவில் தட்டோடு காத்திருப்பவர்களில் தாய்லாந்துக்காரர்களும் சீன வழியினரும் பெருந்திரளாக இருப்பார்கள்.

அரண்மனையிலிருந்து கீழே இறங்கிய வழக்கங்கள் பள்ளிக்கூடத்தில் மிகத் தெளிவாகத் தெரிகின்றன. கல்வியாண்டின் தொடக்கத்தில் ஒரு வியாழக்கிழமை மாணவர்கள் ஆசிரியரை வணங்கும் 'வாய் க்ரூ' நடைபெறும். வியாழன் தேவகுருவுக்குரிய நாள் என்பது அங்கேயும் கணக்கு. மாணவர்கள் கொண்டுவரும் தட்டில் அறுகம்புல், வெட்சிப்பூ, கத்தரிப்பூ, நெற்பொரி ஆகியவை இருக்கும். மிதித்தாலும் மீண்டும் தழைக்கும் அறுகு பொறுமைக்கும், கூரிய வெட்சி மொட்டு அறிவுக்கும், தலைகவிழ்ந்த கத்தரிப்பூ பணிவுக்கும், பொரி ஒழுக்கக் கட்டுப்பாட்டுக்கும் அடையாளம். கிழமைகளுக்கு நிறம் உண்டு: திங்களுக்கு மஞ்சள், செவ்வாய்க்கு இளஞ்சிவப்பு, வியாழனுக்கு ஆரஞ்சு. மறைந்த மன்னர் பூமிபோலும் இன்றைய மன்னர் வஜிரலங்கோனும் திங்களன்று பிறந்தவர்கள் என்பதால் மஞ்சள் மன்னரின் நிறமாயிற்று. அந்த நிறச் சட்டை பின்னர் ஓர் அரசியல் தரப்பின் சீருடையாகவும் மாறியது.

அறிமுகமானவுடன் வயதைக் கேட்பதும் பயணிகளுக்கு விந்தையாகத் தெரியும். மூத்தவரை 'பீ' என்றும் இளையவரை 'நோங்' என்றும் அழைக்க வேண்டியிருப்பதால் வயது தெரியாமல் பேச்சு நகராது. குடும்பப் பெயரை 1913ஆம் ஆண்டுச் சட்டம்தான் கட்டாயமாக்கியது. அதனால் இன்றும் பிரதமரைக்கூட முதற்பெயரால்தான் குறிப்பிடுகிறார்கள், வீட்டிலும் அலுவலகத்திலும் செல்லப்பெயரே புழங்குகிறது. தந்தை பெயரின் முதலெழுத்தை வைத்துக்கொண்டு வெளிநாட்டுப் படிவங்களோடு போராடும் தமிழர் இதை எளிதில் விளங்கிக்கொள்வார்.

இந்த மரியாதைப் படிநிலையின் உச்சியில் மன்னர் இருக்கிறார், அதைச் சட்டம் காக்கிறது. தண்டனைச் சட்டத்தின் 112ஆம் பிரிவின்படி மன்னரையோ அரசியையோ பட்டத்து இளவரசரையோ இழிவுபடுத்தினால், ஒவ்வொரு குற்றத்துக்கும் 3 முதல் 15 ஆண்டுகள் சிறை. இது வெளிநாட்டவருக்கும் பொருந்தும் என்பதைப் பயணி நினைவில் கொள்வது நல்லது. காலை 8 மணிக்கும் மாலை 6 மணிக்கும் ரயில் நிலையங்களிலும் பூங்காக்களிலும் நாட்டுப்பண் ஒலிக்கும்போது நடப்பவர்கள் அப்படியே நின்றுவிடுவது பயணிகளைக் கவரும் காட்சி. அதுவும் பிபுன் காலத்து ஆணைகள் பழக்கியதே. வியப்பது எளிது; ஆனால் ஆணையால் வந்த மரியாதையை எல்லாத் தலைமுறையும் ஒரே மனநிலையோடு ஏற்றுக்கொண்டே இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. 2020 ஆகஸ்டில் பல பள்ளிகளில் காலைக் கொடியேற்றத்தின்போது மாணவர்கள் மூன்று விரல்களை உயர்த்தி நின்றார்கள். முடியை எவ்வளவு வெட்ட வேண்டும் என்ற பள்ளி விதியிலிருந்து ஆட்சிமுறை வரை அவர்களுக்குக் கேள்விகள் இருந்தன. 112ஆம் பிரிவைத் திருத்துவோம் என்று சொன்ன மூவ் ஃபார்வர்டு கட்சி 2023 தேர்தலில் மிக அதிக இடங்களை வென்றது, 2024 ஆகஸ்டில் அரசியலமைப்பு நீதிமன்றம் அதைக் கலைத்தது. அந்த மூன்று விரல் வணக்கமும் உள்ளூரில் பிறந்ததன்று. ஒரு ஹாலிவுட் படத்திலிருந்து எடுக்கப்பட்டு, 2014 இராணுவக் கவிழ்ப்பை எதிர்த்தவர்கள் கையில் புது அர்த்தம் பெற்று, அங்கிருந்து அண்டை நாடான மியன்மாரின் தெருக்களுக்கும் போய்ச் சேர்ந்தது.